பொய்யைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் பயிற்சி: முடித்து ஏழு மாதம் கழித்து ஒரு மதிப்பீடு

எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் ஆன்லைன் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, ஆறு வாரம் படித்து, தேர்வு எழுதி, சான்றிதழும் வாங்கினேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். அந்த இரண்டும் ஒன்பதாவது வகுப்புக்கு மட்டுமே.

சேரும் முன் நானும் மதிப்பீடுகளைத் தேடிப் படித்தேன். "அருமை", "கண் திறந்தது", "எல்லோரும் சேர வேண்டும்" என்று நிறைய இருந்தன. எல்லாமே பயிற்சி முடிந்த அன்றைக்கோ மறுநாளோ எழுதியவை. நான் முடித்து ஏழு மாதம் ஆகிறது. கற்றதை வேலையில் பயன்படுத்தி, அதன் விளைவையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கிட்டத்தட்ட இதே பாடத்திட்டத்தைப் பலர் பல பெயரில் விற்கிறார்கள், அதனால் நான் சொல்வது உங்களுக்கு எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் உதவும்.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் மனிதவளத் துறையில் 17 வருடமாக இருக்கிறேன். கடைசி 6 வருடமாக உள்விசாரணையும் என் பொறுப்பு. பொருள் காணாமல் போவது, போலி பில், ஒருவர் மேல் இன்னொருவர் புகார், இப்படி. எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது நிஜமா என்று பார்ப்பதுதான் அதில் பாதி. நான் எழுதும் நாலு வரியில் ஒருவருடைய வேலை போகலாம். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயத்தால்தான் சேர்ந்தேன். "முகத்தைப் பார்த்தே உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அப்படி ஒரு திறமை இருந்தால் அப்பாவி ஒருவர்கூட என் கையால் கஷ்டப்பட மாட்டார் என்று நினைத்தேன்.

மொத்தம் பன்னிரண்டு வகுப்பு. முதல் வகுப்பு தொடங்கியதே ஒரு எண்ணோடு: நாம் பேசுவதில் 93 சதவீதம் வார்த்தையே இல்லை, முகமும் குரலும்தான், வெறும் 7 சதவீதம்தான் வார்த்தை. திரை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டார்கள். நானும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். பிறகுதான் தேடிப் பார்த்தேன். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967ல் வெளியிட்ட இரண்டு சின்ன ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. ஒற்றைச் சொல்லை வெவ்வேறு குரலில் சொன்னால், வெவ்வேறு முகபாவத்தோடு காட்டினால், பேசுபவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்பவர் எதை வைத்து முடிவுசெய்கிறார் என்பதுதான் கேள்வி. பொய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விருப்பு வெறுப்பைப் பற்றிப் பேசும்போது தவிர வேறெங்கும் இந்த எண் பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். முதல் வகுப்பின் முதல் பத்து நிமிடத்திலேயே இப்படி ஒரு தப்பு.

இரண்டாவதிலிருந்து எட்டாவது வரை கண், வாய், கை, கால், குரல், அப்புறம் "நுண்பாவங்கள்". நுண்பாவம் என்பது ஒரு நொடியில் சின்னப் பங்கு நேரம் மட்டும் முகத்தில் வந்து மறையும் உணர்ச்சி. மறைத்துவைத்த உணர்ச்சி இப்படிக் கசிந்து வெளியே வரும் என்று பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1969லேயே எழுதினார்கள். அது சுவாரசியமான விஷயம்தான், நான் மறுக்கவில்லை. பயிற்சியில் அதற்கு மட்டும் மூன்று வகுப்பு. படங்களை மின்னல் வேகத்தில் காட்டி, இது வெறுப்பா பயமா என்று கேட்பார்கள். பழகப் பழக நன்றாகவே பிடிபட்டது. ஆனால் பொய்யைப் பிடிக்க அது எவ்வளவு உதவும் என்பதைப் பற்றி மூன்று வகுப்பிலும் ஒரு வார்த்தை இல்லை. ஸ்டீபன் போர்ட்டர், லியான் டென் பிரிங்கே இருவரும் 2008ல் இதைத்தான் சோதித்தார்கள். உணர்ச்சியை நிஜமாகவும் பொய்யாகவும் காட்டியவர்களைப் படம்பிடித்து, ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தார்கள். 697 முகபாவங்களில் நுண்பாவம் இருந்தது 14ல்தான். அந்தப் பதினாலும் முகத்தின் மேல்பாதியிலோ கீழ்பாதியிலோ மட்டும் வந்தவை. ஒன்றுகூட முழு முகத்தில் இல்லை. அதைவிட முக்கியம், நிஜமாக உணர்ந்தவர்களிடமும் அவை வந்தன.

கண் பற்றிய வகுப்பில், வலதுபக்கம் மேலே பார்த்தால் கற்பனை, இடதுபக்கம் மேலே பார்த்தால் நினைவு என்று ஒரு வரைபடம் தந்தார்கள். 2012ல் ரிச்சர்ட் வைஸ்மன் குழு இதைத் தனியாக எடுத்துச் சோதித்து, எந்தத் தொடர்பும் இல்லை என்று வெளியிட்டுவிட்டது. நான் படித்த பாடம் அதற்கு எத்தனையோ வருடம் பிற்பட்டது. இன்னும் அதே வரைபடத்தை வைத்து நடத்துகிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

பார்வையைத் தவிர்ப்பதும் அப்படித்தான். "என் கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்று நாம் எல்லோருமே கேட்டு வளர்ந்தவர்கள்தான். நம்மிடம் மட்டும் இல்லை. பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று 58 நாடுகளில் மக்களிடம் கேட்டு 2006ல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பேர் சொன்ன பதில், கண்ணைப் பார்க்க மாட்டார் என்பது. உலகம் முழுக்க இதில் ஒரே கருத்து. ஆனால் 2003ல் பெல்லா டிபாலோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 158 அறிகுறிகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, பார்வைக்கும் பொய்க்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பு கிடைக்கவில்லை. பெரும்பாலான அறிகுறிகள் பொய்யோடு தொடர்பே இல்லாதவை, அல்லது இருந்தும் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மெல்லியவை. ஒரு பொய்யனும் இதைத் தெரிந்துவைத்திருப்பான், கண்ணைப் பார்த்துச் சொன்னால் நம்புவார்கள் என்று.

இனி என் மதிப்பெண்ணுக்கு வருகிறேன். இந்தப் பயிற்சியை எடைபோட என்னிடம் இருக்கும் ஒரே நேரடி ஆதாரம் அதுதான்.

அவர்களுடைய தளத்தில் சின்னச் சின்ன வீடியோக்கள் இருக்கின்றன. ஒருவர் அரை நிமிடம் பேசுவார். உண்மையா பொய்யா என்று நாம் சொல்ல வேண்டும். பிறகு விடை வரும். நான் முதல் வகுப்புக்கு முன்னாலேயே 40 வீடியோ பார்த்து, என் ஊகத்தைத் தனித்தாளில் குறித்தேன். பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணும் எழுதினேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, விசாரணைக் குறிப்பு எழுதிய பழக்கம். நாற்பதில் 22 சரி. உறுதி பெரும்பாலும் 2, 3. ஆறு வாரம் கழித்து, பார்க்காத வேறு 40 வீடியோ எடுத்தேன். 21 சரி. உறுதி மட்டும் எல்லாம் 4, 5. ஒரு பக்கம் முழுக்க ஐந்தாகவே இருந்தது.

அன்றைக்கு அந்த இரண்டு தாளையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. பார்க்காததற்குக் காரணம், அதே நாளில் இறுதித் தேர்வில் எனக்கு 92 மதிப்பெண் வந்தது. அந்தத் தேர்வு என்ன கேட்டது தெரியுமா? இந்தப் படத்தில் எந்தத் தசை சுருங்கியிருக்கிறது, இந்தக் கை அசைவின் பெயர் என்ன, இவ்வளவுதான். பேசுபவர் பொய் சொல்கிறாரா என்ற கேள்வி தேர்வில் ஒன்றுகூட இல்லை. பொய்யைக் கண்டுபிடிக்கும் திறமைக்கு என்று கொடுத்த சான்றிதழ் அது.

நாற்பதில் 22, 21 என்றால் 55 சதவீதம், 52.5 சதவீதம். சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006ல் வெளியிட்ட தொகுப்பில் 24,483 பேருடைய ஊகங்கள் இருக்கின்றன. சராசரி 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டினால் 50. பொய்யைப் பொய் என்று சரியாகச் சொன்னது 47 சதவீதம், உண்மையை உண்மை என்று சொன்னது 61 சதவீதம். நம்புவது நம் இயல்பு என்பதால் உண்மையைக் கண்டுகொள்வதில் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. இதையே தொழிலாகச் செய்பவர்களும் மற்றவர்களைவிட மேலே போகவில்லை. ஆக, நான் சேரும்போதே எல்லோரும் இருக்கும் இடத்தில்தான் இருந்தேன், முடிக்கும்போதும் அங்கேயேதான் இருந்தேன். மாறியது அந்த இரண்டாவது பத்தி மட்டும்.

உறுதிக்கும் சரியாகச் சொல்வதற்கும் உள்ள தொடர்பு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று 1997லேயே தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். சால் கேசினும் கிறிஸ்டினா ஃபாங்கும் 1999ல் செய்த சோதனை இன்னும் நேரடியானது. போலீஸ் விசாரணைக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் உடல்மொழி அறிகுறிகளைக் கல்லூரி மாணவர்களில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்கள் கற்காதவர்களைவிடக் குறைவாகவே சரியாகச் சொன்னார்கள். ஆனால் அதிக உறுதியோடு சொன்னார்கள், காரணங்களும் நிறைய அடுக்கினார்கள். அதைப் படித்தபோது என் சொந்தத் தாளைப் பார்ப்பது போலவே இருந்தது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

சான்றிதழ் வந்த மூன்றாவது வாரம். ஸ்டோரிலிருந்து ஒரு லேப்டாப் காணவில்லை. கடைசியாகச் சாவி வைத்திருந்தவர், நாலு மாதம் முன்பு உதவியாளராகச் சேர்ந்த ஒரு தம்பி. 22 வயது. விசாரணை அறைக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார், ஆனால் எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தார். எதைக் கேட்டாலும் என் முகத்தைப் பார்க்காமல் மேசை மேல் இருந்த ஸ்டேப்ளரையே பார்த்துப் பதில் சொன்னார். "சாயங்காலம் எண்ணி வச்சேன் மேடம், அஞ்சு இருந்துச்சு மேடம்." மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே வார்த்தைகள், அதே வரிசை.

கையை மறைப்பது, பார்வையைத் தவிர்ப்பது, விழுங்குவது, மனப்பாடம் போல ஒரே பதில். மூன்று அறிகுறி சேர்ந்து வந்தால் அதை ஒரு "கொத்து" என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது ஆறாவது வகுப்பின் பாடம். எனக்கு நாலு கிடைத்தது.

அதே நாள் மதியம் ஒரு பிரிவு மேலாளரையும் கூப்பிட்டேன், மாற்றுச் சாவி அவரிடம் இருந்ததால். நிதானமாக வந்தார். சாய்ந்து உட்கார்ந்தார். கை இரண்டும் விரிந்து மேசை மேல் இருந்தன. என் கண்ணைப் பார்த்து, "அந்தப் பக்கமே நான் போகலை" என்றார். அவர் பெயருக்கு எதிரே "இயல்பு" என்று எழுதினேன்.

தம்பியின் விசாரணைக் குறிப்பில், "உடல்மொழியும் பதில்களின் தன்மையும் நம்பும்படி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை வைத்து அவரை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தினார்கள். ஒன்பது நாள்.

பத்தாம் நாள் கேட்டில் இருக்கும் காவலர் அவுட்வர்டு ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். வேறு ஏதோ பார்சலைத் தேடும்போது கண்ணில் பட்டதாகச் சொன்னார். லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருக்கிறது. கூரியர் ரசீது எண், நேரம், கையெழுத்து எல்லாம் இருந்தன. கையெழுத்து அந்த மேலாளருடையது. அவசரத்துக்கு எடுத்துப்போய்த் திரையை உடைத்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் சரிசெய்து திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ரிஜிஸ்டரில் எழுதாமல் எந்தப் பொருளும் கேட்டைத் தாண்டாது என்பதால் எழுதியிருக்கிறார்.

அந்த ரிஜிஸ்டரை முதல் நாளே நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பயிற்சிக்கு முந்தைய ஆறு வருடமும் எந்தப் பொருள் காணாமல் போனாலும் அதைத்தான் முதலில் வாங்குவேன். இந்தத் தடவை வாங்கவில்லை. பதில் முகத்திலேயே கிடைத்துவிட்டது என்று நம்பியதால் தாளைத் தேடவில்லை. இந்தப் பயிற்சியில் எனக்கு வந்த பெரிய நஷ்டம் கட்டணம் இல்லை, இதுதான்.

தம்பியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேடம். பெரியவங்க யார் முன்னாடி உக்காந்தாலும் நான் அப்படித்தான். இன்டர்வியூலயும் அப்படித்தான் இருந்தேன்" என்றார். அந்த இன்டர்வியூவை எடுத்தது நான்தான். பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "பதற்றம் அதிகம், வேலை தெரிகிறது" என்று என் கையெழுத்தில் இருந்தது. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டால் உண்மை சொல்பவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்கிறோம். குற்றமில்லாத நெஞ்சும் குறுகுறுக்கும், தன்னை நம்ப மாட்டார்களோ என்ற பயத்தில். இந்த இரண்டு பயமும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும், குழப்பிக்கொள்ளக் கூடாது என்று எக்மனே எச்சரித்திருக்கிறார். பயிற்சியிலும் அது இருக்கிறது. எட்டாவது வகுப்பில் ஒரே ஒரு ஸ்லைடு. நான் திரும்பப் போய்ப் பார்த்தேன், முப்பது நொடிகூடத் திரையில் நிற்கவில்லை.

நேரடி சந்தேக வகுப்பு ஒன்றில் ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். என் வீடியோ மதிப்பெண்ணையும் சொன்னேன். "அனுபவம் வர வரச் சரியாகும்" என்றார். எப்படிச் சரியாகும் என்று எனக்குப் புரியவில்லை. அனுபவத்தில் கற்க வேண்டுமானால் விடை தெரிய வேண்டும். என்னை வெற்றிகரமாக ஏமாற்றியவர்கள் யார் என்று எனக்கு எப்போதுமே தெரியப்போவதில்லை. அந்தக் காவலர் வந்திருக்காவிட்டால், தம்பியைச் சரியாகப் பிடித்துவிட்டேன் என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருப்பேன், அதையும் அனுபவம் என்றே எண்ணியிருப்பேன்.

அதே ஆசிரியர் ஏழாவது வகுப்பில், விமான நிலையப் பாதுகாப்பிலேயே இந்த முறைதான் என்று பெருமையாகச் சொன்னார். அமெரிக்காவில் பயணிகளின் நடத்தையைப் பார்த்து ஆபத்தானவர்களைக் கண்டுபிடிக்கும் திட்டம் இருந்தது உண்மைதான். 2007லிருந்து அதற்கு ஏறக்குறைய 90 கோடி டாலர் செலவானது. 2013 நவம்பரில் அந்த நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு அறிக்கை கொடுத்தது. நடத்தையைப் பார்த்து ஏமாற்றுபவரைக் கண்டுபிடிக்கும் திறன் தற்செயலுக்குச் சமம் அல்லது அதைவிடச் சற்றே மேல், எனவே இனிமேல் நிதியைக் கட்டுப்படுத்துங்கள் என்றது. சிபாரிசாகச் சொல்லப்பட்டது உண்மையில் ஒரு புகார்.

இப்போது ஒன்பதாவது வகுப்பு. இதற்குத்தான் அந்த இரண்டு நட்சத்திரம்.

அன்று வழக்கமான ஆசிரியர் வரவில்லை. ஓய்வுபெற்ற விசாரணை அதிகாரி ஒருவர் விருந்தினராக வந்தார். ஐம்பது நிமிடம். ஸ்லைடு இல்லை, படம் இல்லை. முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்வி கேட்பது பற்றி மட்டும் பேசினார். என்னிடம் இருக்கும் ஆதாரத்தை முதலிலேயே எடுத்து மேசையில் வைக்கக் கூடாது. முதலில் அவரை முழுக்கப் பேசவிட வேண்டும். குறுக்கே போகக் கூடாது. பிறகு, ஆதாரம் என்னிடம் இருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் அதைச் சுற்றிக் கேட்க வேண்டும். பொய் சொல்பவர் அந்த இடத்தைத் தொடாமல் விலகிப் போவார், அல்லது மறுப்பார். உண்மை சொல்பவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை, தானாகவே சொல்லிவிடுவார். ஆதாரத்தைக் கடைசியில் வைத்தால் போதும்.

அப்போது எனக்கு இதன் அருமை தெரியவில்லை. மூன்று வகுப்பு நுண்பாவம் படித்த மயக்கத்தில் இருந்தேன். பிறகு தேடியபோதுதான் மரியா ஹார்ட்விக் குழு ஸ்வீடனில் போலீஸ் பயிற்சி மாணவர்களை வைத்துச் செய்து 2006ல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. சோதனைக்காகப் பர்ஸ் எடுக்கச் சொல்லப்பட்டவர்கள் பாதி, எடுக்காதவர்கள் பாதி. ஆதாரத்தை எப்போது வெளியே எடுப்பது என்று பயிற்சி பெற்றவர்கள் 85 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். பயிற்சி இல்லாதவர்கள் 56. நான் படித்த எல்லாவற்றிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டியது இது ஒன்றுதான். இங்கே யாரும் முகத்தைப் படிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பேச்சையும் ஆதாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த அதிகாரி சொன்ன இன்னொன்று, எதிர்பார்க்காத கேள்வி. பொய் சொல்ல வருபவர் ஒத்திகை பார்த்துவிட்டு வருவார். எப்போது போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள், இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும். அந்த அறையை ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள் என்றால் தயாராக இருக்காது. ஆல்டெர்ட் விரெய் குழு 2009ல் இதைச் சோதித்திருக்கிறது. சேர்ந்து சாப்பிட்டதாகச் சொன்ன ஜோடிகளைப் பிரித்து, ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து இடத்தை வரையச் சொன்னார்கள். எதிர்பார்த்த கேள்விகளுக்குப் பொய் ஜோடிகளின் பதிலும் பொருந்தியது. எதிர்பாராததில் பொருந்தவில்லை.

இதை நானும் செய்து பார்த்தேன். இரண்டு நாள் வாடிக்கையாளர் அலுவலகத்தில் இருந்ததாக ஒருவர் டூர் பில் போட்டிருந்தார். அவர்களுடைய வரவேற்பறைப் பதிவில் முதல் நாள் மட்டும்தான் அவர் பெயர் இருந்தது. அந்தத் தாளை ஃபைலுக்குள் வைத்து மூடிக்கொண்டேன். நடந்ததைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். முதல் நாளைப் பற்றி நிறையச் சொன்னார். லிஃப்ட் ஓடவில்லை, நாலு மாடி ஏறியது, புரொஜெக்டருக்கு ஒயர் கிடைக்காமல் அரைமணி நேரம் காத்திருந்தது. இரண்டாம் நாள் என்றதும், "மீட்டிங் நடந்தது மேடம், பேசினோம், சாயங்காலம் கிளம்பிட்டேன்" என்று முடித்தார். ஒரு தாளைத் தள்ளி, இரண்டு நாளும் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று வரையச் சொன்னேன். முதல் நாளுக்குக் கதவு, ஜன்னல், ஆறு நாற்காலி, ஆறு பெயர். இரண்டாம் நாளுக்கு மேசையை வரைந்தார், ஒரு நாற்காலி போட்டார், பேனாவை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "அன்னைக்குப் போகலை மேடம்" என்றார். ஃபைலைத் திறக்கவே இல்லை. அத்தனை நேரமும் அவர் என் கண்ணைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

விவரம் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றை மட்டும் பாருங்கள், மற்ற அறிகுறிகளை விட்டுவிடுங்கள் என்று சொல்லிச் செய்த ஆய்வுகள் 2023ல் வெளியாகின. 59லிருந்து 79 சதவீதம் வரை சரியாக வந்தது. 54க்கு இது எவ்வளவோ மேல். ஆனால் இதையும் கண்மூடி நம்பக் கூடாது. இரண்டு வருடம் முன்பு நடந்ததைக் கேட்டால் யாருக்கும் விவரம் இருக்காது. சிலர் இயல்பிலேயே சுருக்கமாகப் பேசுவார்கள். அதனால் விவரம் குறைவு என்பதை நான் இப்போது பொய் என்று எழுதுவதில்லை. இன்னும் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். நிஜ வாழ்க்கையில் பொய்கள் எப்படி வெளிவந்தன என்று 202 மாணவர்களிடம் கேட்டு 2002ல் எழுதினார்கள். மூன்றாவது ஆள் சொன்னது, கையில் கிடைத்த ஆதாரம், பொய் சொன்னவரே ஒப்புக்கொண்டது, பெரும்பாலும் இவைதான், அதுவும் நாளாகி. பேசும்போதே நடத்தையை மட்டும் வைத்துப் பிடித்தது 2 சதவீதத்துக்கும் கீழே. என் லேப்டாப் விஷயத்திலும் காவலர் ஒருவரும் ஒரு ரிஜிஸ்டரும்தான் பிடித்தார்கள்.

மற்ற சில விஷயங்கள், சேர நினைப்பவர்களுக்காக. வீடியோ தரம், ஒலி எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆசிரியர் தெளிவாகப் பேசுகிறார், மனிதர் நல்லவர்தான், தான் சொல்வதை முழுக்க நம்புகிறார். வகுப்புகளைப் பிறகும் பார்க்கலாம். சந்தேகங்களுக்கு இரண்டு நாளில் பதில் வந்துவிடும், ஆனால் ஆய்வு எது என்று கேட்டால் பதில் வராது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பாதிக்கு மேல் பார்த்துவிட்டீர்கள் என்று மறுத்தார்கள். அது அவர்கள் முதலிலேயே எழுதிவைத்த விதி, அதில் எனக்குக் குறை இல்லை.

என் குறை ஒன்பதாவது வகுப்பு ஏன் ஒன்றே ஒன்று என்பதில்தான். பன்னிரண்டில் ஒன்பது வகுப்பு அதைப் பற்றி இருந்து, முகத்துக்கு ஒரு வகுப்பு ஒதுக்கி, அதிலும் இதை நம்பி யாரையும் முடிவு கட்டாதீர்கள் என்று சொல்லியிருந்தால் நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்து எல்லோரையும் சேரச் சொல்லியிருப்பேன். ஆளெடுப்பவர், விசாரிப்பவர், வகுப்பில் பிள்ளைகளைக் கேள்வி கேட்கும் ஆசிரியர், இப்படி ஒருவர் மேல் அதிகாரம் உள்ள யாரும் இப்போதைய வடிவில் இதில் சேர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்கள் என்றால் நேராக ஒன்பதாவதற்குப் போங்கள். அப்புறம், வீடியோவுக்கு ஊகம் எழுதும்போது பக்கத்தில் அந்த இரண்டாவது பத்தியையும் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் இரண்டு தாளையும் சேர்த்துவைத்துப் பாருங்கள், நான் பார்க்காமல் விட்டதை.

தம்பி இப்போதும் ஸ்டோரில்தான் இருக்கிறார். என்னைக் கண்டால் இன்னும் தரையைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்கிறார். அவர் கோப்பிலிருந்து என் பழைய குறிப்பை எடுக்க விதி இடம் தரவில்லை. அதனால் அதன் மேல் இன்னொரு தாளை வைத்துப் பின் செய்திருக்கிறேன். ரிஜிஸ்டரின் பக்க எண், கூரியர் ரசீது எண், தேதி, நேரம், "முந்தைய குறிப்பு தவறு", கீழே என் கையெழுத்து.